தம்பிக்கு வந்த தசை நோய் எனக்கும் இருக்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. எதையாவது இறுக்கிப் பிடித்தால் விரல்கள் சட்டென்று விரிவதில்லை. 'மயோடானிக் டிஸ்ட்ரோஃபி டைப் 1' என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு 36 வயது. கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. எப்போதும் அசதி, சாப்பாடு தொண்டையில் சிக்குகிறது. 'இது ஆம்பளைங்களுக்கு வர்ற நோய்' என்கிறார்கள் வீட்டில். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். நான் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: செய்துகொள்ளுங்கள் அம்மா, கருத்தரிப்பதற்கு முன்பே.

வீட்டில் சொல்வது டுஷேன் என்ற வேறொரு தசை நோய்க்குப் பொருந்தும். அது பெரும்பாலும் பையன்களைத்தான் தாக்கும். உங்கள் தம்பிக்கு இருப்பது 19-வது குரோமோசோமில் வரும் கோளாறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு.

ஆனால் நோய் வெளிப்படும் விதம் மாறுகிறது. பிரான்சில் 1400-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வில், ஆண்களுக்குத் தசை பலவீனம், விரல் இறுக்கம், இதய, சுவாசக் கோளாறுகள் அதிகம். பெண்களுக்கோ கண்புரை, விழுங்குவதில் சிரமம், வயிற்றுத் தொல்லை, தைராய்டு, உடல் பருமன். ஆண் நோயாளி கைகுலுக்கினால் என் கையை விடுவதற்குச் சில நொடி ஆகும். அங்கேயே சந்தேகம் வந்துவிடும். பெண்கள் கொண்டுவரும் பையில் கண் டாக்டர் சீட்டு ஒன்று, தைராய்டு சீட்டு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடக்கும். யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

ரத்தப் பரிசோதனை ஒன்று போதும். இந்த நோய்க்குக் காரணமான மரபணுவில் 'சி.டி.ஜி.' என்ற மூன்றெழுத்துத் தொடர் சாதாரணமாக அடுத்தடுத்து 5 முதல் 34 முறை வரும். 50-ஐத் தாண்டினால் நோய். அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இது நீளக்கூடும். தாயிடமிருந்து போகும்போது இன்னும் கவனம் தேவை: பிறந்ததுமே துவண்டு, பால் குடிக்கவும் மூச்சுவிடவும் திணறும் கடுமையான வகை பெரும்பாலும் தாய்வழியில்தான் வருகிறது. முன்பே தெரிந்தால் கருவைப் பரிசோதிக்கலாம், பிரசவத்துக்கும் தயாராக இருக்கலாம்.

அப்புறம், எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்தக் குடும்ப வரலாற்றைச் சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் இந்த நோயில் ஆபத்தானவை.

தம்பிக்கு ஆண்டுதோறும் இசிஜி எடுக்க வேண்டும். அவருக்குத் திடீரென்று மயக்கமோ படபடப்போ வந்தால் அடுத்த இசிஜி தேதி வரை காத்திருக்காமல் அன்றே இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.