டோடோ கேள்விக்கு ஒரு முறைதான் பதில்

மொரிசியஸில் சில பருவங்கள் இளஞ்சிவப்புப் புறாக்களின் கூடுகளைக் கண்காணித்தவள் என்பதால் இந்த வாரம் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். காடு, பறவை, கடல் பற்றிக் கேளுங்கள். தேனிலவு ஹோட்டல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

குறிஞ்சி: அக்கா, டோடோவை டச்சுக்காரர்கள் தின்றே தீர்த்துவிட்டார்களாமே?

அழிந்துபோன அந்த மொரிசியஸ் பறவையைத் தின்றார்கள்தான். ஆனால் அது பாதிக் கதைகூட இல்லை. டச்சுக் கப்பல்கள் வந்தது 1598-ல். டோடோவைக் கண்ணால் கண்டதாக நம்பத்தக்க கடைசிக் குறிப்பு 1662. அந்த இடைவெளியில் தீவில் குடியிருந்த மனிதர்கள் சொற்பம். கப்பல்களில் வந்திறங்கிய எலி, பன்றி, குரங்கு மூன்றும்தான் பெருகிக்கொண்டே போயின. பறக்கத் தெரியாமல் தரையில் முட்டையிடும் பறவை என்ன செய்யும்? தீவுகளைப் பற்றி எதைப் படித்தாலும் எலியை மறக்காதீர்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

கணக்குப்பிள்ளை: டோடோ தின்று கழித்தால்தான் ஒரு மரத்தின் விதை முளைக்கும், அந்த மரம் உலகத்திலேயே 13 தான் மிச்சம் என்று வாட்ஸாப்பில் வந்தது. நிஜமா?

வாட்ஸாப்புக்கு முன்பே சுற்றிய கதை. 1977-ல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். மரத்தின் பெயர் தம்பலகோக். டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு விதையை ஊட்டினார். 17-ல் 3 முளைத்தன. ஊட்டாத விதைகளையும் பக்கத்திலேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? போடவில்லை. எந்தப் பறவையின் வயிற்றுக்குள்ளும் போகாத விதைகள் முளைத்ததாக அவருக்கு முன்பே பதிவுகள் உண்டு. மரங்களும் 13-க்கு மேல் இருக்கின்றன, டோடோ போன பிறகு முளைத்தவையும் இருக்கின்றன. கன்றுகள் தலையெடுக்க முடியாததற்குக் காரணம் குரங்கு, பன்றி, மான், பிறகு காடு முழுக்க மண்டிக் கிடக்கும் சீனக் கொய்யா. ஆனாலும் கதை அழகாக இருக்கிறதே, யார் விடுவார்கள்?

பொடியன்: டோடோவை குளோனிங்கில் கொண்டுவந்துவிடலாமா?

இருப்பதைக் காப்பாற்றவே ஆள் போதவில்லை, தம்பி.

தேன்சிட்டு: மொரிசியஸ் வல்லூறு நாலே நாலுதான் இருந்ததாமே, எப்படித் தப்பித்தது?

1974-ல் காட்டில் அறியப்பட்டவை 4 தான். மலேரியாக் கொசுவுக்கு அடித்த டிடிடி என்ற பூச்சிக்கொல்லி ஒரு காரணம், காடு சுருங்கியது இன்னொன்று, வெளியிலிருந்து வந்த, வேட்டையாடித் தின்னும் விலங்குகள் மூன்றாவது (எலி, எலி!). 1979-ல் கார்ல் ஜோன்ஸ் என்ற பறவைப் பாதுகாவலர் அங்கே போனபோது, இந்தப் பறவைக்குச் செலவிடுவது வீண் என்றவர்கள் நிறைய. அவர் செய்தது நம் ஊர்க் கோழி வளர்ப்பவர்களுக்குப் புரியும். முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் பெட்டை மறுபடி இடும். எடுத்ததை இன்குபேட்டரில் பொரிக்க வைத்தார், மறுபடி இட்டதைக் கூட்டில் தாய் பார்த்துக்கொண்டது. அப்புறம் கூடு கட்டப் பெட்டிகள், காட்டில் விட்ட குஞ்சுகளுக்குத் தீனி. இன்று சில நூறு பறவைகள் உண்டு.

இளஞ்சிவப்புப் புறாவும் அப்படித்தான். 1990 வாக்கில் காட்டில் பத்துதான், இன்று 400-க்கு மேல். ஆனால் காப்பாற்றியாயிற்று என்று யாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. இன்றும் தீனி வைக்க வேண்டும், பொறி வைக்க வேண்டும், கொய்யாவைப் பிடுங்க வேண்டும். விட்டால் நாலைந்து வருடத்தில் பழைய கதைதான்.

காவேரிக்கரை: காட்டை அழித்ததில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டா?

கருங்காலியை வெட்டி ஏற்றுமதி செய்யத் தொடங்கியது டச்சுக்காரர்கள். மீதியைக் கரும்பு விழுங்கியது, பிரெஞ்சுக்காரர் காலத்திலும் அதைவிட ஆங்கிலேயர் காலத்திலும். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனவர்களில் தமிழர்களும் உண்டு. கை அவர்களுடையது, கணக்கு முதலாளியுடையது. நல்ல நிலையில் உள்ள பூர்வீகக் காடு இன்று 2 சதவீதத்துக்கும் குறைவு.

வழிப்போக்கன்: டோடோ எப்படி அழிந்தது?

மேலே பார்க்கவும்.

அலைமகள்: வகாஷியோ எண்ணெய்க் கப்பல் விபத்தின் பாதிப்பு?

அது எண்ணெய்க் கப்பல் இல்லை, சரக்குக் கப்பல். கசிந்தது அதன் சொந்த எரிபொருள். 2020 ஜூலை 25-ல் தென்கிழக்குக் கரையோரப் பவளப் பாறையில் ஏறி நின்றது, ஆகஸ்ட் 6-ல் கசியத் தொடங்கியது. சுமார் 1,000 டன். ஊர் மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்துத் தைத்து, கடலில் மிதக்கவிட்டுத் தடுத்தார்கள்.

லிச்சிக்காரன்: அக்கா, என் மனைவிக்கு ஊர் மொரிசியஸ். மாமனார் வீட்டு லிச்சி மரத்தை வருடாவருடம் வௌவால் காலி பண்ணுகிறது. அரசாங்கம் சுட்டால் உங்களைப் போன்றவர்களுக்குக் கோபம் வருகிறது. பழம் போனவருக்கு என்ன பதில்?

கோபம் சுட்டதற்காக மட்டும் இல்லை, சுட்டும் பலன் இல்லாததற்காக. 2015-ல் சட்டத்தையே மாற்றி, 18,000 என்று ஆரம்பித்து 30,000-க்கு மேல் கொன்றார்கள். 2016, 2018, 2020 என்று தொடர்ந்தது. அதனால் பழ விளைச்சல் கூடவில்லை. வருடத்துக்கு ஒரே குட்டி போடும் விலங்கு அது. 2018-ல், அழிவு அபாயத்தைக் கணிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் அபாய நிலைக்கு ஏற்றிவிட்டார்கள். பூர்வீக மரங்களின் விதையைப் பரப்ப மிஞ்சியிருக்கும் பெரிய பழந்தின்னி இது ஒன்றுதான்.

லிச்சிக்காரன்: வலை போடு என்பீர்கள். மரம் மூன்று மாடி உயரம். 70 வயதுக்காரர் ஏறிப் போடுவாரா?

இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். பழைய பெரிய மரத்துக்கு வலை கஷ்டம். தோட்டக்காரர்களுக்குச் சொல்வதை வீட்டுக்காரர்களிடம் அப்படியே சொன்னது எங்கள் தரப்புத் தப்பு. ஆனால் ஒன்று: நஷ்டம் முழுவதும் வௌவால் கணக்கா? செம்மீசைச் சின்னான் என்ற பறவை கொத்துகிறது (இந்தியாவிலிருந்து போனதுதான்), குரங்கு பறிக்கிறது, எலி கடிக்கிறது, காற்றிலும் உதிர்கிறது.

நடுநிலை: உங்களுக்கு மனிதனைவிட வௌவால் முக்கியம்!

சரி.

லிச்சிக்காரன்: மாமனாரிடம் கேட்டேன். மரத்தைக் குட்டையாக வெட்டினால் வலை போடலாமாம். மனசு வரவில்லை என்கிறார்.

ஒரேயடியாக வேண்டாம். அறுவடை முடிந்ததும் வருடத்துக்குக் கொஞ்சமாக உச்சியை வெட்டச் சொல்லுங்கள். அதுவரை கைக்கு எட்டும் கிளைகளுக்கு மட்டும் வலை போதும், மேலே உள்ளது வௌவாலுக்கு. வலையை இறுக்கிக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் வௌவால் சிக்கிச் செத்துவிடும். அப்புறம், கீழே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிவிடச் சொல்லுங்கள். எலி வரும்.