சிங்கப்பூர் – நியூயார்க்: ஆறரை மணி நேரம்தானா?

டிக்கெட்டில் இரவு 11:30க்குப் புறப்பாடு, காலை 6:00க்குத் தரையிறக்கம் என்று இருப்பதால் பயணம் ஆறரை மணி நேரம்தானா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகார நேரம். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால் இருக்கும். அதையும் கூட்டினால் பதினெட்டரை மணி நேரம். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் 13 மணி நேரம் ஆகிவிடும்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 15,300 கி.மீ. அதை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்தால் 17 மணி நேரம்தானே வருகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. பூமி உருண்டை என்பதால் அந்தக் கோடு வட துருவத்தை ஒட்டிப் போகும். விமானமோ பெரும்பாலும் வட பசிபிக் மேல் சுற்றிக்கொண்டு போகும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேலடுக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால், தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். அப்புறம், டிக்கெட்டில் போடும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும்கூட அடக்கம்.

அடுத்த விமானத்துக்கு மாற வேண்டியிருந்தால் டிக்கெட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள், வகுத்துப் பார்த்ததை அல்ல.