வீடு மாறினோம், உதவித்தொகை நின்றுவிடுமா? கடலூர், புதுச்சேரி மாற்றுத்திறனாளிகளுக்குக் கேள்வி பதில்

எனக்கு மூன்று வயதில் போலியோ. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்காகப் பல வருடமாக ஆபீஸ் படி ஏறி இறங்கியவன், பிறருக்காகவும் ஏறியவன். இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே முகவரி மாற்றம் பற்றியவை.

அண்ணா, 2024 டிசம்பர் தென்பெண்ணை வெள்ளத்தில் குண்டு உப்பலவாடி வீடு போச்சு. இப்ப பண்ருட்டியில் தங்கச்சி வீட்டுப் பக்கம் இருக்கோம். வீட்டுக்காரருக்கு மாதாமாதம் பணம் வருது. ஆதாரில் முகவரி மாத்திட்டேன், அது போதும்தானே?

போதாதும்மா. ஆதாரில் மாற்றினால் பணம் கொடுக்கிற ஆபீசுக்குத் தானாகத் தகவல் போகாது. முதலில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வருவாய்த்துறை ஓய்வூதியம் என்றால் (2023 ஜனவரியில் 1500 ஆக உயர்த்தினார்களே, அது) தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார்தான் பொறுப்பு. பராமரிப்பு உதவித்தொகை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். வங்கி பாஸ்புக்கைப் பார்த்தால் இது பிடிபடாது, அனுமதி உத்தரவைத் தேடி எடுங்கள்.

பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்டம் மாறவில்லை, ஆகவே ஆபீஸும் மாறாது. ஒரு கடிதமும் புது ஆதார் நகலும் கொடுத்தால் முடிந்தது. ஓய்வூதியம் என்றால் கடலூர் தாலுகாவிலிருந்து பண்ருட்டி தாலுகாவுக்கு உங்கள் கோப்பு போக வேண்டும். கடலூரில் மாற்றல் கேட்டு மனு கொடுங்கள், அதன் நகலைப் பண்ருட்டியிலும் கொடுங்கள். இரண்டு இடத்திலும் ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து செம்மண்டலத்துக்கு நான் வீடு மாறியபோது யாரிடமும் சொல்லவில்லை. பழைய முகவரிக்கு விசாரணைக்கு வந்தவர்கள் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான்கு மாதப் பணம் நின்றது. உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட ஊன்றுகோலோடு ஆறு முறை அலைந்தேன். ஆகவே சாமான் ஏற்றுவதற்கு முன்பே பழைய வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புது ஊருக்குப் போனதும் அந்த ஊர் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள்.

என் பையனுக்கு 22 வயசு, அறிவுசார் குறைபாடு. அவன் பேரில் கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆதாரில் எப்படி மாற்றுவது சார்?

குடும்பத் தலைவர் வழியாக மாற்றும் வசதி 2023-லிருந்து ஆதார் இணையதளத்தில் இருக்கிறது. முதலில் உங்கள் ஆதாரில் புது முகவரி ஏற வேண்டும். பிறகு பையனுக்கு விண்ணப்பியுங்கள். உறவைக் காட்ட, இருவர் பெயரும் உள்ள ரேஷன் கார்டு போதும். ஆதார் இணையதளத்தில் உங்கள் கணக்குக்கு ஒப்புதல் கேட்டு வரும், 30 நாளுக்குள் சம்மதம் கொடுங்கள். நாள் தவறினால் விண்ணப்பம் முடிந்துபோகும், கட்டிய கட்டணமும் திரும்பாது. ஓ.டி.பி. வர வேண்டுமே, அதனால் இருவர் ஆதாரிலும் நடப்பு செல்போன் எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஓனர் ஒப்பந்தம் எழுதித் தரமாட்டேங்கிறார். அம்மா படுத்த படுக்கை.

ஆதார் ஆணையமே ஒரு சான்றிதழ்ப் படிவம் வைத்திருக்கிறது. அதில் தாசில்தாரோ எம்.எல்.ஏ.வோ கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தால் அதுவே முகவரிச் சான்று. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் ஏற்பாடும் உண்டு. ஆதார் உதவி எண் 1947-க்குப் போன் செய்து கேளுங்கள்.

கல்யாணமாகி ரெட்டிச்சாவடியிலிருந்து பாகூர் போயிட்டேன் அண்ணா. ஓய்வூதியத்தைப் பாகூருக்கு மாத்திக்கலாமா?

முடியாதும்மா, சொல்லவே வருத்தமாக இருக்கிறது. டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான், ஆனால் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அரசு வேறு. அது தமிழ்நாடு அரசின் பணம், எல்லைக்கு அந்தப்பக்கம் மாற்றித் தரமாட்டார்கள். ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டதற்காக அவள் கையிலிருக்கும் சொற்பப் பணமும் போவது நியாயமே இல்லை. இரண்டு அரசும் பேசித் தீர்க்க வேண்டியது இது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆதார், ரேஷன் கார்டு இரண்டையும் பாகூர் முகவரிக்கு மாற்றி, புதுச்சேரி சமூக நலத்துறையில் புதிதாக விண்ணப்பியுங்கள். அங்கே பல திட்டங்களுக்கு இத்தனை ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கணவர் குடும்பத்தின் குடியிருப்புச் சான்றையும் கையோடு எடுத்துப்போய், உங்களுக்கு அந்த ஆண்டுகளை எந்த நாளிலிருந்து கணக்கிடுவார்கள் என்று அங்கேயே கேளுங்கள். பழைய பணத்தைச் சொல்லாமல் வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். பிறகு மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொன்னால் தாங்க முடியாது.

அப்போ ஊனச் சதவீதத்துக்கு மறுபடி டாக்டர்களிடம் போகணுமா?

வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். நிரந்தரம் என்று போட்டிருந்தால் மறு பரிசோதனை இல்லை. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் முகவரியை மட்டும் அதன் இணையதளத்தில் மாற்றக் கோருங்கள்.

வில்லியனூரில் புது வீட்டுக்குப் பக்கத்தில் வேறு வங்கியில் கணக்கு தொடங்கினேன். பழைய கணக்கில் பணம் வரவில்லை. நிறுத்திட்டாங்களா சார்?

பதறாதீர்கள், முதலில் புதுக் கணக்கில் வரவு வந்திருக்கிறதா பாருங்கள். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் மானியத்துக்கென்று ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். அங்கேயும் இல்லையென்றால் பாஸ்புக் இரண்டையும் எடுத்துக்கொண்டு சமூக நலத்துறைக்குப் போங்கள். கிளை மட்டும் மாற்றுவதானால் பழைய வங்கியிலேயே கேட்டிருக்கலாம், கணக்கு எண் பெரும்பாலும் மாறாது.