லெகோ குழுவில் சேர்ந்து இடைக்கால ஐரோப்பிய நகரம் கட்டுவது பெரியவர்களுக்கு வெட்டி வேலையா? புதிதாகச் சேர்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

'வெட்டி வேலை' என்ற சொல் உங்களுடையது இல்லை என்று நினைக்கிறேன். வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதே சொல்தான் கிடைத்தது, அதுவும் தீபாவளி அன்று, வீட்டுக்கு வந்திருந்த பத்துப் பேர் முன்னால். கணவரின் சித்தப்பா கையில் முறுக்குத் தட்டோடு நின்று, "பிள்ளைங்க வெளையாடுற சாமான வச்சி அம்மா வெளையாடுது. வெட்டி வேல" என்றார். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்தத் தீபாவளி ஞாபகத்துக்கு வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு ஃபிளாட்டின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வயது 44. மகன் மூன்றாம் படிவம் போனதும் லெகோவைத் தொடுவதை விட்டுவிட்டான். இரண்டு பெரிய பெட்டி நிறையக் கட்டைகள் இருந்தன. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கழுவ எடுத்தேன். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில்தான் அலச வேண்டும், 40 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. அலசி, துண்டில் பரப்பிக் காயவைத்து, நிறம் நிறமாகப் பிரித்து முடிக்க மூன்று இரவுகள் ஆயின. மூன்றாவது இரவுக்குப் பிறகு கொடுக்க மனம் வரவில்லை.

குழந்தைச் சாமான் என்பவர்களுக்கு ஒரு தகவல். லெகோவின் மஞ்சள் கோட்டை, 375ஆம் எண் செட், 1978இல் வந்தது. கை கால் அசைகிற குட்டி மனிதர்கள் வந்ததும் அதே ஆண்டுதான். அன்றைக்கு அதைக் கட்டிய பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். 2022இல் வந்த சிங்க வீரர்கள் கோட்டையில் 4514 துண்டுகள், 2024இல் வந்த இடைக்கால நகரச் சதுக்கத்தில் 3304 துண்டுகள். கோட்டைப் பெட்டியின் மேல் '18+' என்று கம்பெனியே அச்சடித்திருக்கிறது. இதற்கு மேல் அந்த வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை.

இனி குழுவைப் பற்றி. எங்கள் குழுவில் எல்லா இனத்தவரும் இருக்கிறோம். பேச்செல்லாம் பாதி மலாய், பாதி ஆங்கிலம். ஒரு பேரங்காடியில் நான்கு நாள் கண்காட்சிக்கு ஒரு முழு இடைக்கால நகரம் கட்டுவது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு துண்டு நிலம். கட்டையின் தலையில் இருக்கும் சின்னக் குமிழை ஸ்டட் என்போம். ஒரு ஸ்டட்டுக்கு 8 மில்லிமீட்டர். 32க்கு 32 ஸ்டட் அடித்தட்டு ஒன்றுதான் ஒருவருக்கான நிலம், அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். உங்கள் நிலத்துக்குள் என்ன வேண்டுமானாலும் கட்டலாம். ஓரத்தில் மட்டும் ஊர்க் கட்டுப்பாடு உண்டு: தெரு எட்டு ஸ்டட் அகலம், அடர் சாம்பல் நிறம், தரை அடித்தட்டுக்கு மேல் இரண்டு பிளேட் (மெல்லிய தட்டைக் கட்டை) உயரம். அப்போதுதான் என் தெரு உங்கள் தெருவில் போய்ச் சேரும்.

நான் சேர்ந்தபோது கோட்டை, தேவாலயம், சந்தை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஆற்றோர மூலை. பொறுப்பாக இருந்த தம்பி, "அக்கா, தோல் பதனிடுறவர் வீடு கட்டுறீங்களா? யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க" என்று கேட்டார். சரி என்றேன்.

அந்தத் தொழிலைப் பற்றித் தேடிப் படித்தேன். கசாப்புக் கடையிலிருந்து வரும் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து முடியைத் தளர்த்துவார்கள். சாய்வான கட்டையில் போட்டுச் சுரண்டுவார்கள். நாய்க் கழிவும் புறாக் கழிவும் கலந்த நீரில் போட்டு மிருதுவாக்குவார்கள். பிறகு ஓக் மரப்பட்டைத் தூள் கரைத்த குழியில் இறக்கினால் ஒரு வருடம், சில நேரம் அதற்கும் மேல், அப்படியே கிடக்கும். நாற்றம் தாங்க முடியாது. அதனால் ஊரின் ஓரமாக, ஆறு ஊரைக் கடந்து போகிற பக்கமாகத்தான் இடம் கொடுப்பார்கள். ஆனால் செருப்பு, சேணம், வாளுறை, புத்தக அட்டை எல்லாம் அங்கிருந்துதான் வந்தாக வேண்டும்.

அடுத்த குடும்பக் கூட்டத்தில் அதே சித்தப்பா, "போயும் போயும் தோல் வேல செய்றவன் வீடா?" என்றார். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கப்பலேறி வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டை இன்னும் நன்றாகக் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆறு வாரம், தினமும் இரவு பத்து மணிக்கு மேல், சாப்பாட்டு மேசையில் கட்டினேன். மரச்சட்டம் போட்டு இடையில் வெள்ளை பூசிய சுவர்தான் அந்தக் காலத்து வீட்டின் முகம். கட்டைகளை நேராக அடுக்கினால் அந்தச் சட்டங்கள் சரியாக வராது, சுவரையே பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிளேட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து பிளேட் அடுக்கினால் 16. இரண்டு ஸ்டட் அகலமும் 16. இது புரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு சுவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் பொருந்தியது. மேல்மாடியைத் தெருப் பக்கம் ஒரு ஸ்டட் வெளியே தள்ளினேன். நிஜத்திலும் அப்படித்தான், நிலம் குறுகல் என்பதால் மாடியில் இடம் பிடிப்பார்கள், கீழ்ச் சுவரும் மழையில் நனையாது.

கூரையில்தான் ரொம்ப யோசித்தேன். வைக்கோல் கூரை அழகு, ஆனால் தீப்பிடித்தால் தெருவே போய்விடும். லண்டனில் 1212இல் பெரிய தீ வந்த பிறகு வைக்கோல் கூரைக்குத் தடை போட்டார்கள். நம் கோலாலம்பூரும் இதைப் பார்த்த ஊர்தான். 1881 ஜனவரியில் தீ வந்து அத்தாப்பு என்கிற ஓலைக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊர் எரிந்தது, அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார். சீனர் தலைவரான கப்பித்தான் யாப் குவான் செங்கின் செங்கல் சூளை இருந்த பகுதிதான் பிரிக்ஃபீல்ட்ஸ். நாம் பூ வாங்கவும் புடவை வாங்கவும் போகிற இடத்தின் பெயரிலேயே செங்கல் இருக்கிறது. அதனால் வீட்டுக்கு அடர் சிவப்பு ஓடும், குழிகளுக்கு மேலே இருக்கும் கொட்டகைக்கு மட்டும் வைக்கோலும் போட்டேன்.

நான்கு குழிகளிலும், மேலே ஸ்டட் இல்லாத வழவழப்பான அடர் பழுப்பு டைல் பதித்தேன். ஒன்றில் மட்டும் வெளிர் பழுப்புத் துண்டு ஒன்று பாதி மூழ்கி நிற்கும். பின்பக்கம் மெல்லிய கம்பிகளைக் குறுக்கே நிறுத்தி, கிளிப் பிளேட்டில் தோல்களை வரிசையாகத் தொங்கவிட்டேன். ஆற்றங்கரைச் சுவருக்கு மகனின் சாம்பல் கட்டைகளோடு, அண்ணன் மகனிடமிருந்து வந்த பழைய கட்டைகளையும் கலந்தேன். 2004 வாக்கில் லெகோ சாம்பல் நிறத்தையே மாற்றியது, பழையது கொஞ்சம் மஞ்சள் சாயல், புதியது நீலச் சாயல். வேறு இடமாக இருந்தால் அது பிழையாகத் தெரியும். பல முறை இடிந்து பூசிய பழைய சுவருக்கு அது அவ்வளவு பொருத்தம்.

பொருட்களைக் கொண்டுபோகும் இரவு வந்தது. எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, ஐந்து மாதமாக. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மாதம் தவறாமல் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம், ஒரு நாள் தாமதித்தாலும் கதவில் நோட்டீஸ். கேட்டால் 'பொருள் வரவில்லை' என்ற அதே பதில். பன்னிரண்டாவது மாடியில் ஒரு தாத்தா வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். திரும்பி வரும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நிர்வாகக் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் லெகோ தூக்கிக்கொண்டு ஒன்பது மாடி இறங்கியது ஒரு கஷ்டமே இல்லை. அந்தத் தாத்தாவைத் தூக்குகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

கடைகள் மூடிய பிறகு, பத்து மணிக்கு மேல் நகரத்தைச் சேர்க்கத் தொடங்கினோம். என் மூலையைத் தள்ளிப் பக்கத்து நிலத்தோடு ஒட்டியபோது தெரு பொருந்தவில்லை. என் பக்கம் உயர்ந்து நின்றது. என்னிடம் 32க்கு 32 அடித்தட்டு இல்லாததால் நான்கு 16க்கு 16 பிளேட்டுகளைச் சேர்த்து நிலமாக்கியிருந்தேன். பிளேட்டைவிட அடித்தட்டு மெல்லியது என்பதை நான் யோசிக்கவே இல்லை. வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் மேலே விளக்கைப் போட்டதும் தெருவின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு நிழலாக விழுந்தது. முழுவதையும் பிரிக்க நேரம் கிடையாது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பக்கத்து நிலம் ஒரு சீன அங்கிளுடையது. செராஸிலிருந்து வந்தவர், எட்டு மாதம் உழைத்துத் தேவாலயம் கட்டியிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. மணிலா அட்டையை எடுத்து, கத்திரிக்கோலால் பட்டைகளாக வெட்டி, என் தரையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் ஒரு பட்டை சேர்த்தார். பிறகு இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தன் தேவாலயத்தையே தூக்கச் சொல்லி, அதன் அடியில் அட்டையைக் கொடுத்தார். கோபுர உச்சியில் இருந்த சேவல் ஆடியது, விழவில்லை. அடுத்தவர் தன் வீட்டை உயர்த்தினார், அதற்கடுத்தவரும் உயர்த்தினார். விடிவதற்குள் அந்த வரிசை முழுவதும் என் உயரத்துக்கு வந்துவிட்டது. வெட்டி வேலையா என்று கேட்டீர்களே, அந்த இரவைத்தான் நான் சொல்வேன்.

'நம் வரலாற்றைக் கட்டாமல் வெள்ளைக்காரன் ஊரை ஏன் கட்டுகிறாய்' என்று கேட்பவர்களும் வருவார்கள், தெரியும். கெடாவில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ராஜேந்திர சோழன் 1025இல் படையனுப்பிய கடாரம் அந்தப் பக்கம்தான். புக்கிட் பத்து பஹாட் கோயிலில் கல் அடித்தளம் நிற்கிறது, மேலே இருந்த கூரை இன்று இல்லை. அதை ஊகித்துக் கட்டி, இதுதான் நம் கோயில் என்று நாலு பேர் முன்னால் வைக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. படித்துக்கொண்டிருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், பெரிய செட் வாங்காதீர்கள். கிலோ கணக்கில் பழைய கட்டைகள் கிடைக்கும், அதை வாங்கிக் கழுவிப் பிரியுங்கள். பழைய செம்பழுப்புத் துண்டுகளைக் கழற்றும்போது பார்த்துச் செய்யுங்கள், சட்டென்று உடையும். ஜன்னலோரம் வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு வெள்ளையும் சாம்பலும் மஞ்சளாகிவிடும். நான் மாதம் 80 வெள்ளிதான் (ரிங்கிட்) ஒதுக்குகிறேன், அதற்கு மேல் போனதில்லை. கோட்டையை விட்டுவிட்டு ஒரு தொழிலாளியின் வீட்டைக் கட்டுங்கள். நிலத்துக்கு மட்டும் சரியான அடித்தட்டாக வாங்குங்கள்.

கண்காட்சியின் மூன்றாம் நாள் ஒரு பாட்டி பேரனோடு வந்தார். கோட்டையை அவர் பார்க்கவே இல்லை. என் மூலைக்கு வந்து, குனிந்து, தொங்கும் தோல்களைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது எந்தத் தோட்டம்?" என்றார்.

ரப்பர்த் தோட்டத்தில் காயப்போடும் கித்தா ஷீட், அதாவது ரப்பர் ஷீட், என்று நினைத்துவிட்டார். மூங்கில் கழியில் ஷீட்டுகள் தொங்குவது அப்படியே அதே மாதிரிதான் இருக்கும். ஆறு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குத் தோன்றவில்லை. என் தாத்தாவும் பால் வெட்டியவர்தான்.

"தோட்டம் இல்ல பாட்டி, தோல் பதனிடுற எடம்" என்றேன்.

"நாத்தம் கொடலப் புடுங்குமே."

"ஆமா பாட்டி. அதான் ஊருக்கு ஓரமா வச்சிருக்காங்க."

"எங்க ஸ்மோக் ஹவுசும் ஓரமாத்தான் இருந்துச்சி" என்றார், ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கொட்டகையைச் சொன்னார். பிறகு, "இவன் எங்கதான் படுப்பான்?" என்று கேட்டார். கூரையைத் தூக்கிக் காட்டினேன். மாடியில் ஒரு கட்டில், ஒரு போர்வை, ஒரு குவளை வைத்திருந்தேன். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, நான்கு நாளும் வேறு யாரும் கேட்கவில்லை. பாட்டி நன்றாகப் பார்த்துவிட்டு, "சரி, மூடு. தூசி விழப்போவுது" என்றார்.

அடுத்த கண்காட்சிக்குச் சந்தைப் பக்கம் இடம் தருகிறேன் என்று தம்பி சொன்னார். ஆற்றோரமே போதும் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை சாயம் போடுபவரின் வீடு. நீலத் துணி காயப்போட மெல்லிய கம்பிகள் தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது பழுப்பு நிறத்தில் இருந்தால் சொல்லுங்கள்.