விர்ச்சுவல் மெஷினுக்கான ஐஓஎம்எம்யு பேட்சை ரிவ்யூ செய்யும்போது எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

சி நன்றாகத் தெரியும், லினக்ஸ் கெர்னல் புதிது, விர்ட்டியோ-ஐஓஎம்எம்யு டிரைவரில் ஒரு மாற்றத்தை ரிவ்யூ செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்மேப்பிலிருந்து, அதாவது டிவைஸுக்குக் கொடுத்த மெமரி அனுமதியைத் திரும்பப் பெறும் பகுதியிலிருந்து, தொடங்குங்கள். அந்த அனுமதியைக் கொடுக்கும் மேப் பகுதியை அப்புறம் படிக்கலாம்.

காரணம் புரிய, அடியில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். நெட்வொர்க் கார்டு போன்ற ஒரு டிவைஸ் சிபியுவைக் கேட்காமலே மெமரியில் எழுதும். அதற்கு நாம் கொடுப்பது உண்மையான முகவரி அல்ல. அதை உண்மையான முகவரியாக மாற்றித் தருவது ஐஓஎம்எம்யு. இன்டெலில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ, ஆர்மில் எஸ்எம்எம்யு. விர்ச்சுவல் மெஷினுக்குள் இன்னொரு அடுக்கு சேருகிறது. கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் இயங்குதளம், தன்னுடைய ஃபிசிக்கல் முகவரி என்று நினைப்பதை, அதைத் தாங்கும் ஹோஸ்ட் மறுபடி மாற்ற வேண்டும். விர்ட்டியோ-ஐஓஎம்எம்யு எந்த நிஜ ஹார்டுவேரையும் போல நடிப்பதில்லை. அட்டாச், டிடாச், மேப், அன்மேப் என்று கெஸ்ட் ஒரு க்யூவில் கோரிக்கை போடும், ஹோஸ்ட் செய்துவிட்டுப் பதில் சொல்லும். இந்த டிரைவர் லினக்ஸ் 5.3-இல், 2019-இல் வந்தது.

மேப் தவறினால் உடனே தெரிந்துவிடும். டிவைஸ் ஃபால்ட் அடிக்கும், லாகில் வரி வரும், முதல் நாளே யாராவது பிடித்துவிடுவார்கள். அன்மேப் தவறினால் ஒன்றுமே தெரியாது. கெர்னல் அந்தப் பேஜை (மெமரித் துண்டை) திரும்ப எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிடும். டிவைஸிடம் பழைய முகவரி இன்னும் செல்லுபடியாகும். வீட்டைக் காலி செய்தவரிடம் சாவியை வாங்காமலே அடுத்தவரைக் குடி வைத்தது போல.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. நான் முன்பு இருந்த குழுவின் சொந்தக் கெர்னல் கிளையில், ஒரு பேட்ச் அன்மேப் கோரிக்கைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பியது. நோக்கம் நியாயமானது. ஒவ்வொரு முறை க்யூவைத் தட்டும்போதும் கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குப் போய் வர வேண்டும், அது விலை அதிகம். நான் லாக்குகளை (ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் காக்கும் பூட்டுகளை) மூன்று முறை படித்தேன். எண்டியன் (பைட் வரிசை) மாற்றங்களைச் சரிபார்த்தேன். எல்லாம் சுத்தம். சரிபார்த்துவிட்டேன் என்று சொல்லும் ரிவ்யூட்-பை வரியைப் போட்டேன். க்யூவில் இடம் இருந்தால் பதிலுக்குக் காத்திராமல் திரும்பும்படி ஒரு இஃப் சேர்ந்திருந்ததைப் படித்தேன், ஆனால் அதன் பொருளை யோசிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு கெஸ்டில் ஒரு ஃபைல் கெட்டுப்போனது. ஐந்து நாள் டிஸ்கைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் கெட்ட இடத்தை ஹெக்ஸில் பார்த்தபோது 08 00 45 00 என்று இருந்தது. ஈதர்நெட் தலைப்பின் கடைசி இரண்டு பைட், அடுத்து ஐபிவி4 தலைப்பின் தொடக்கம். ஃபைலுக்குள் ஒரு நெட்வொர்க் பாக்கெட்! இன்டர்ஃபேஸை டவுன் செய்யும்போது கார்டை முழுதாக நிறுத்தாத பிழை அந்தக் கார்டின் டிரைவரில் இருந்தது. அப்படிப்பட்ட எழுத்தைத் தடுக்கத்தான் ஐஓஎம்எம்யு இருக்கிறது. ஆனால் டவுன் ஆன பிறகு புதிய அன்மேப் எதுவும் வராததால், கடைசித் தொகுதியைத் தள்ளிவிட ஆளில்லை. கோரிக்கைகள் க்யூவிலேயே கிடந்தன. பேஜ்கள் அதற்குள், ஃபைல்களை மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷுக்குப் போய்விட்டன.

அன்றிலிருந்து ஒரு தாளில் மூன்று நிகழ்வுகளை எழுதிக்கொண்டுதான் படிக்கிறேன்: முகவரி மாற்றும் டேபிளிலிருந்து பதிவு நீங்குவது, மொழிபெயர்ப்புக் கேஷான ஐஓடிஎல்பி காலியாவது, பேஜ் விடுவிக்கப்படுவது. வெற்றிப் பாதை, தோல்விப் பாதை, டிடாச், ரீசெட் என ஒவ்வொன்றிலும் இந்த மூன்றும் எந்த வரியில், எந்த வரிசையில் நடக்கின்றன என்று குறிப்பேன். லினக்ஸில் அன்மேப்பும் ஐஓடிஎல்பி சிங்க்கும் தனித்தனி அழைப்புகள். விர்ட்டியோ-ஐஓஎம்எம்யுவில் அன்மேப், கோரிக்கையை க்யூவில் சேர்க்க மட்டும் செய்யும், சிங்க் தான் பதிலுக்குக் காத்திருக்கும். இது தெரியாமல் படித்தால் சரியான நிரல் தவறாகவும் தவறானது சரியாகவும் தெரியும்.

தாமதமே கூடாது என்றும் சொல்லவில்லை. லினக்ஸே லேசி முறையில் தாமதிக்கிறது. ஒரு சிபியுவுக்கு 256 இடம் கொண்ட வரிசை, அது நிரம்பினாலோ 10 மில்லிசெகண்ட் ஆனாலோ ஃப்ளஷ். அந்த இடைவெளியில் ஆபத்து உண்டு என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அதனால்தான் நம்பத்தகாத வெளி டிவைஸ்களுக்கு அந்த முறை கிடையாது. எல்லை தெரிந்த தாமதம் வேறு, எங்கள் பேட்சில் இருந்தது வேறு.

அடுத்து எல்லைகள். விர்ட்டியோ கோரிக்கையில் முடிவு முகவரி அந்தக் கடைசி பைட்டையும் சேர்த்தது. அதாவது தொடக்கம் கூட்டல் அளவு கழித்தல் ஒன்று. கெர்னலின் மற்ற இடங்கள் தொடக்கமும் அளவும் பேசும். இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு வரியிலும் நின்று பாருங்கள். மேப் செய்த ஒரு துண்டின் பாதியை மட்டும் அன்மேப் செய்யச் சொன்னால், விதிப்படி டிவைஸ் எதையும் நீக்காமல் பிழை திருப்ப வேண்டும். பேட்ச் அந்தப் பிழையைக் கவனிக்கிறதா?

டிரைவர் மேப்பிங்குகளை ஒரு இன்டர்வல் ட்ரீயில் (முகவரி வரம்புகளை வைக்கும் மரத்தில்) தானும் வைத்திருக்கும், எந்த டிவைஸும் இணையாத டொமைனில் (டிவைஸ்கள் இணையும் முகவரித் தொகுதியில்) பிறகு ஒன்று சேரும்போது அவற்றைத் திரும்ப அனுப்புவதற்காக. ஆகவே மேப் தோற்றால் ட்ரீயிலிருந்தும் எடுத்தாக வேண்டும். மேப், இன்டரப்ட் சூழலிலிருந்தும் அழைக்கப்படலாம் என்பதால் அந்தப் பாதையில் தூங்கக்கூடிய எதுவும் வரக்கூடாது. எண்டியன் தவறுகளை ஸ்பார்ஸ் என்ற சரிபார்ப்புக் கருவி பிடித்துவிடும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

டெஸ்ட் ஓடியது என்ற வரியை நம்பி நிற்காதீர்கள். கேஏஎஸ்ஏஎன் என்ற மெமரிப் பிழை பிடிக்கும் கருவி, சிபியு தொடும் மெமரியைத்தான் பார்க்கும். டிவைஸ் எழுதுவது அதன் கண்ணில் படாது. டிஎம்ஏ டீபக் (டிஎம்ஏ என்பது டிவைஸ் நேரடியாக மெமரியைத் தொடுவது) என்ற சோதனை, டிவைஸ் டிரைவர்கள் மேப்பையும் அன்மேப்பையும் சரியாக அழைக்கிறார்களா என்று பார்க்கும், ஐஓஎம்எம்யு டிரைவர் தன் வேலையைச் செய்ததா என்று பார்க்காது. ஆகவே சோதனையை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். க்யூஈஎம்யு என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் விர்ட்டியோ-ஐஓஎம்எம்யுவோடு ஒரு கெஸ்டை எழுப்பி, அன்மேப் முடிந்த பிறகு பழைய முகவரியில் டிவைஸை எழுதவைக்கச் சொல்லுங்கள். ஃபால்ட் வர வேண்டும். வராவிட்டால் பேட்சைத் திருப்பி அனுப்புங்கள்.

ரிவ்யூவில் எழுத வேறு எதுவும் தோன்றாவிட்டாலும் இதைக் கேளுங்கள்: "இந்தப் பேஜ் விடுவிக்கப்படும் முன் ஹோஸ்டின் பதில் வந்துவிட்டது என்பதை எந்த வரி உறுதி செய்கிறது?" எழுதியவர் காட்டும் வரியைக் கமிட் செய்தியிலும் சேர்க்கச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் ரிவ்யூட்-பை போடாதீர்கள்.