எஸ்எஸ்ஹெச் லாகின்: ஆப் காட்டும் எண்ணை சர்வர் ஏன் மறுக்கிறது?

இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணைச் சரியாக அடித்தும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உள்ளே விடவில்லை என்றால், முதலில் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

அந்த எண்ணைப் போனுக்கு யாரும் அனுப்புவதில்லை. 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை 30-ஆல் வகுத்து, கிடைக்கும் முழு எண்ணையும் இரண்டிலும் முன்பே பதிந்திருக்கும் ரகசியச் சாவியையும் ஹெச்மேக் (சாவியைச் சேர்த்துக் கணக்கிடும் முறை) கணக்கில் போட்டு, போனும் சர்வரும் தனித்தனியே அதே ஆறு இலக்கத்துக்கு வந்து சேர்கின்றன. சர்வர் வழக்கமாக நடப்பு எண்ணோடு முந்தைய ஒன்றையும் அடுத்த ஒன்றையும் மட்டுமே ஏற்கும். கடிகாரம் 40 விநாடி விலகியிருந்தால் சில நேரம் நுழையும், சில நேரம் மறுக்கும்; ஒரு நிமிடம் தாண்டினால் எதுவுமே பொருந்தாது. நேர மண்டலம் இதில் சேராது, கணக்கு முழுக்க யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான். ஆனால் மண்டலத்தை யுடிசியாக விட்டுவிட்டு உள்ளூர் நேரத்தைக் கையால் திருத்தியிருந்தால் மணிக்கணக்கில் தவறும்.

இணையம் வழியே கடிகாரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபியை இயக்குங்கள். ஏற்கும் வரம்பை 17 எண்களாக விரிக்கும் வழியும் உண்டு, அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்: ஒரே நேரத்தில் 17 எண்கள் செல்லும் என்றால் ஊகிப்பவனுக்குத்தான் வசதி.

கடிகாரம் சரியா? சர்வரில் எண்ணைச் சரிபார்ப்பது கூகுள் ஆதென்டிகேட்டரின் பாம் மாட்யூல் (லாகினோடு இணையும் துணை நிரல்) என்றால், ரகசியச் சாவி இருக்கும் கோப்பின் அனுமதி 0600-ஐவிட (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்) தளர்வாக இருந்தாலும் மறுத்துவிடும். சர்வரின் லாக் பதிவில் காரணம் தெளிவாகவே இருக்கும். மறுபயன்பாட்டைத் தடுத்திருந்தால், சற்றுமுன் செல்லுபடியான எண்ணும் இரண்டாம் முறை செல்லாது. அடுத்த எண் வரும்வரை பொறுங்கள்.

எதை மாற்றினாலும், ஏற்கெனவே லாகின் ஆன ஒரு செஷனை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு டெர்மினலில் சோதியுங்கள்.