தூரம் பாதி, நேரம் ஏன் ஒன்று?

வாசகர், பரந்தன்:
அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்குக் கூட்டிச் செல்லவிருக்கிறோம். வரைபடத்தில் பார்த்தால் பலாலியிலிருந்து சென்னை, கட்டுநாயக்கவிலிருந்து உள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் முகவர் காட்டிய அட்டவணையில் இரண்டு பறப்புகளுக்கும் ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடைப்பட்ட நேரமே போடப்பட்டுள்ளது. இது எப்படி? எந்த வழியால் போவது நல்லது?

பதில்:
வரைபடம் பொய் சொல்லவில்லை. மூன்று விமான நிலையங்களும் ஏறக்குறைய 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டியே இருப்பதால், அகலாங்கு வித்தியாசத்தை 111ஆல் பெருக்கினாலே வான்வழித் தூரம் கிலோமீற்றரில் கிடைத்துவிடும். பலாலிக்கும் சென்னைக்கும் வித்தியாசம் 3.2 பாகை, ஆகவே சுமார் 355 கிலோமீற்றர், கட்டுநாயக்கவுக்கு 5.8 பாகை, ஆகவே சுமார் 645 கிலோமீற்றர்.

நேரத்தைச் சமப்படுத்துவது விமானத்தின் வகை. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியில் ஓடுபாதை குறுகிய நீளத்துக்கே முதலில் சீரமைக்கப்பட்டதால், அங்கே சென்னையிலிருந்து வந்துபோவது இறக்கையில் சுழல்விசிறி பூட்டிய ஏரிஆர் 72 விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் ஜெற் விமானமோ 800ஐத் தாண்டும். வகுத்துப் பாருங்கள்: முன்னது 43 நிமிடம், பின்னது 48 நிமிடம். மிச்சமுள்ள அரைமணிக்கு மேற்பட்ட நேரம் ஓடுபாதைக்கு நகர்வதற்கும், மேலேறுவதற்கும், சென்னையில் இறங்குவதற்கு முறை வரும்வரை வேகத்தைக் குறைத்து வருவதற்கும் இரண்டுக்கும் பொதுவாகச் செலவாகிறது. அட்டவணையில் உள்ளது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல, தரிப்பிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறுதரிப்பிடத்தில் நிற்பது வரையான நேரம்.

ஆனால் உங்களுக்கு இலாபம் வானில் அல்ல, வீதியில்தான் இருக்கிறது. பரந்தனிலிருந்து ஆனையிறவு தாண்டிப் பலாலிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். கட்டுநாயக்கவுக்கு 300க்கு மேல், அதாவது வாகனம் பிடித்து இராமுழுக்கக் குந்தியிருக்க வேண்டிய பயணம். வயதான தாயாருடன், அதுவும் சிகிச்சை முடிந்து திரும்பும்போது, பலாலியையே நான் சொல்வேன். ஏரிஆர் விமானத்தில் பயணிகள் வால்பக்கக் கதவால், படியேறித்தான் உள்ளே போக வேண்டும். முழங்கால் நோவு இருந்தால் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலிக்குச் சொல்லி வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் போவதானால் வைத்தியரைச் சந்திக்கும் திகதிக்கு ஒரு நாளாவது முந்திப் போய்ச் சேருங்கள். பலாலியில் பறப்புகள் குறைவு. ஒன்று தவறினால் அன்றே இன்னொன்று கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

வாசகி, மாங்குளம்:
சீட்டில் போட்டிருக்கும் நேரம் இலங்கை நேரமா, இந்திய நேரமா?

பதில்:
புறப்படும் நேரம் புறப்படும் இடத்தினுடையது, சேரும் நேரம் சேரும் இடத்தினுடையது. 1996இல் இலங்கை கடிகாரத்தை முன்தள்ளியபோதும் வன்னியில் பலகாலம் பழைய நேரமே புழங்கியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அது இந்திய நேரமேதான். 2006 ஏப்ரல் முதல் முழு இலங்கையும் அந்நேரத்துக்குத் திரும்பிவிட்டதால், சென்னைப் பயணத்தில் கைக்கடிகாரத்தைத் திருப்பும் வேலையே இல்லை.